குழாய்ப் பாதையும் கமக்காரன் காணியும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் சட்டத்தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்கு ஏற்ற பொருளன்று. கைதட்டலுக்கு இதில் இடம் அதிகமில்லை. மண்ணுக்கு மூன்றடி கீழே புதைந்து கிடக்கப்போகும் ஓர் இரும்புக் குழாயைப் பற்றியும், அக்குழாய்க்கு வழிவிடும்படி சட்டம் ஒரு கமக்காரனை எவ்விதம் கேட்கிறது என்பதைப் பற்றியுமே பேச வந்துள்ளோம். சட்டப் பிரிவுகளைச் சொல்லும்போது சிலருக்கு நித்திரை வரலாம். ஆயினும் காணியிலே கம்பும் கயிறும் கொண்டு நில அளவையாளன் வந்து நின்ற பின்னர் விழிப்பதைவிட, இன்று சற்று விழித்திருப்பது நன்று.

இப்பொருளை இப்போது எடுப்பானேன் என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க புதுடில்லி சென்றபோது இரு அரசாங்கங்களும் வெளியிட்ட கூட்டு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு எரிபொருட் குழாய் ஒன்றை அமைப்பதில் ஒத்துழைப்பது என்று கூறப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது, திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்குவது பற்றி இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 திருகோணமலையில் உள்ளன. தாங்கி ஓரிடத்தில் நிற்கும், குழாய் அவ்வாறன்று. கடலுக்கடியில் எவ்வளவு தூரம் வந்தாலும், கரையேறிய பின்னர் அது யாருடைய நிலத்திலோ படுத்தே தீரவேண்டும். அந்த நிலம் அரச நிலமா, உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதே நமக்குரிய கேள்வி.

குழாய் வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. எரிபொருளுக்காக 2022ஆம் ஆண்டிலே நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களிடம் அவ்விதம் கூறுவது நகைப்புக்கிடமாகும். குழாய் வருமாயின் எந்த விதியின்கீழ் வரும், அதன் செலவில் எவ்வளவு பங்கு கமக்காரனின் தலையில் விழும் என்பதே வழக்கு.

நிலத்தை எடுப்பதற்குச் சட்டத்தில் இரு வழிகள் உண்டு. ஒன்று, காணியை முழுவதாக எடுத்து அதன் விலையைக் கொடுப்பது. மற்றையது, காணியின் ஆட்சியை உடையவனிடமே விட்டுவிட்டு, அதன் வழியாகக் குழாய் செலுத்தும் பாத்தியத்தை மாத்திரம் எடுப்பது. இரண்டாவது வழி நமக்குப் புதிதன்று. நமது உறுதிகளிலே கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று நொத்தாரிசுமார் எழுதிவருவதெல்லாம் பிறன் நிலத்தின்மீது நமக்குள்ள பாத்தியமேயாகும். ஆனால் அயலவனுக்கு வாய்க்கால் விடுவது நாமாக இசைந்து விடுவது. அரசாங்கம் எடுக்கும் பாத்தியம் இசைவைக் கேளாது.

இந்த இரண்டாவது வழியைத் தனிச் சட்டமாக்கிய நாடு இந்தியா. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் அதுவாகும். அச்சட்டத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் நாளை இங்கே ஒரு சட்டம் வரையப்படுமாயின் வரைபவரின் மேசைமீது முதலில் கிடக்கப்போவது அதுவே.

மூன்றாம் பிரிவின்படி மத்திய அரசாங்கம் நிலத்தின் பயன்பாட்டு உரிமையை எடுக்கும் எண்ணத்தை வர்த்தமானியில் அறிவிக்கிறது. அறிவித்ததும், உள்ளே நுழைந்து அளக்கவும் தோண்டிப் பார்க்கவும் அலுவலருக்கு அதிகாரம் பிறந்துவிடுகிறது. காணிக்குரியவன் 21 நாட்களுக்குள் ஆட்சேபனையைத் தெரிவிக்கவேண்டும். அதற்கென நியமிக்கப்பெற்ற அதிகாரி அவனையோ அவனுடைய வழக்கறிஞரையோ கேட்டறியவேண்டும். பின்னர் ஆறாம் பிரிவின்கீழ் பிரகடனம். பிரகடனம் வந்த அக்கணமே பயன்பாட்டு உரிமை அரசாங்கத்திற்கோ, அது குறிக்கும் நிறுவனத்திற்கோ சென்று சேர்ந்துவிடும்.

ஏழாம் பிரிவு கமக்காரனுக்குச் சிறிது அரணாக உள்ளது. குடியிருப்புக்குப் பயன்படும் நிலம், நிரந்தரக் கட்டிடம் நிற்கும் நிலம், வீட்டைச் சேர்ந்த வளவு ஆகியவற்றின்கீழ் குழாய் செல்லலாகாது. ஒரு மீற்றருக்குக் குறைந்த ஆழத்திலும் புதைக்கலாகாது. ஆனால் இவையெல்லாம் முதல் அறிவித்தல் வந்த நாளின் நிலைமையைக் கொண்டே பார்க்கப்படும். அறிவித்தல் கண்டு அவசரமாக எழுப்பிய கொட்டிலுக்குக் காப்பு இல்லை.

ஒன்பதாம் பிரிவே நெஞ்சில் தைக்கும் பிரிவு. முன்னர் செய்த பயிரை உடையவன் தொடர்ந்து செய்யலாம். ஆனால் அந்நிலத்தில் கட்டிடம் கட்டலாகாது, கிணறோ குளமோ தோண்டலாகாது, மரம் நடலாகாது. நெல்லும் வெங்காயமும் நடலாம், தென்னம்பிள்ளை நடமுடியாது. காணி உன்னுடையது, உறுதி உன்னுடையது, வரியும் உன்னுடையது. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தால் அவள் அதில் வீடு கட்ட இயலாது, அவ்வளவே.

இதற்கு விலை என்ன? பத்தாம் பிரிவு இரு வகைப் பணத்தைக் கூறுகிறது. வெட்டிய மரம், அழிந்த பயிர், வேலை நடக்கையில் ஏற்பட்ட நட்டம் ஆகியவற்றுக்கு ஒன்று. பயன்பாட்டு உரிமைக்கெனத் தனியே, அறிவித்தல் வந்த நாளின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்து. தொகை போதாதெனில் மாவட்ட நீதிபதியிடம் செல்லலாம்.

நூற்றுக்குப் பத்து என்பதை நமது அளவையில் வைத்துப் பார்ப்போம். கொங்கு நாட்டிலே குழாய்க்கென எடுக்கப்பெற்ற பட்டை 20 மீற்றர் அகலமுடையது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவனிடம் 8 பரப்புத் தோட்டம் உண்டென்க. ஏக்கரில் அது அரைப்பங்கு. 50 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் கொண்ட துண்டு. குழாய் நீளவாட்டில் சென்றால் 1,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 4 பரப்பு, தோட்டத்தில் சரிபாதி, அகப்பட்டுவிடும். பரப்பு 5 இலட்சம் ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளின், 20 இலட்சம் பெறுமதியான நிலத்தின்மீது நிரந்தரத் தடை விழும். அவன் கைக்கு வருவது 2 இலட்சம். நூற்றுக்கணக்கான ஏக்கர் உடையவனுக்கு 20 மீற்றர் ஒரு கோடு. எட்டுப் பரப்புக்காரனுக்கு அது வாழ்வின் பாதி. ஒரே விகிதம் எல்லோருக்கும் பொதுவாயிருப்பது சமத்துவம் போலத் தோன்றும். சிறு துண்டுக் காணிகள் மலிந்த தேசத்தில் அது சமத்துவமன்று.

இந்தப் பத்து வீதம் நீதியானதா என்னும் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. குஜராத்திலே தனியார் நிறுவனமொன்றின் எரிவாயுக் குழாய் தொடர்பாக எழுந்த வழக்கில், 2016 அக்டோபரில், சட்டம் செல்லுபடியாகும் என்று நீதிமன்றம் தீர்த்தது. உடைமை உடையவனிடமே இருக்கிறது, பயிர் செய்யத் தடையில்லை, உண்மையான நட்டத்துக்குத் தனியே பணம் உண்டு, ஆதலால் பத்து வீதம் வெறுங்கண்துடைப்பு அன்று என்பது அதன் நியாயம். அதே தீர்ப்பில், ஆட்சேபனை கேட்கும் அதிகாரியாக நியமிக்கப்படுபவர் நீதிப்பதவி வகித்தவராகவோ சட்டப்பயிற்சி பெற்றவராகவோ இருக்கவேண்டும் என்றும் கூறப்பட்டது. முதற்பகுதியை நாம் ஏற்கத் தயங்குகிறோம். கிணறு வெட்டமுடியாத தோட்டத்தை ஈரவலயத்து நீதிபதி ஒருவர் தோட்டமென்று கருதலாம். நமது கமக்காரன் கருதமாட்டான். பிற்பகுதி பொன்போன்றது.

இனிக் கொங்கு நாட்டின் கதைக்கு வருவோம். கொச்சியிலிருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் எரிவாயு கொண்டுசெல்ல இந்திய அரசாங்கத்தின் கெயில் நிறுவனம் குழாய்த் திட்டமொன்றை வகுத்தது. அதில் ஏறத்தாழ 310 கிலோமீற்றர் தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களூடாகச் சென்றது. விவசாயிகள் எதிர்த்தனர். குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. திட்டத்தைக் கைவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. 2013 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசாங்கம் அவர்கள் பக்கம் நின்று, விளைநிலங்களை விட்டு நெடுஞ்சாலை வழியே செல்லும்படி கட்டளையிட்டது. ஊரெங்கும் மகிழ்ச்சி. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அக்கட்டளையைத் தள்ளியது. 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்த்தது.

ஏன் தோற்றார்கள்? அவர்கள் குறை பொய்யென்பதால் அன்று. மத்தியச் சட்டத்தின்கீழ் பயன்பாட்டு உரிமை ஏற்கெனவே சென்று சேர்ந்துவிட்டது. சென்று சேர்ந்ததை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை. அவ்வளவே தீர்ப்பின் சாரம். மக்களின் அனுதாபத்தையும் முதலமைச்சரின் ஆதரவையும் பெற்ற ஒரு போராட்டம், காலங்கடந்த ஒரு கட்டளையை நம்பியமையால் நீதிமன்றத்தில் நிற்கமுடியாது போயிற்று. இதை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. அறிவித்தல் ஒட்டிய பின்னர் அரசியல்வாதியின் வீட்டுக்கு ஓடுவது நமது வழக்கம். போகவேண்டாம் என்று கூறமாட்டோம். ஆனால் வழியில் ஆட்சேபனைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுப் போங்கள்.

கேரளத்திலும் 2017இல் கோழிக்கோட்டுப் பக்கம் கடும் எதிர்ப்பு எழுந்தது. அங்கே அரசாங்கம் திட்டத்தைக் கைவிடாமல் நட்டஈட்டைக் கூட்டியது. 2021 ஜனவரியில் கொச்சி மங்களூர்க் குழாய் திறந்துவைக்கப்பட்டது. விகிதம் சட்டத்தில் பத்தென்று எழுதியிருந்தும், அதற்கு மேல் கொடுப்பதை எவரும் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அச்சத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 2014 ஜூன் 27ஆம் நாள் ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் என்னும் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமக்கோ தீயைவிட நீரைப் பற்றிய அச்சமே பெரிது. யாழ்ப்பாணத்தின் நீர் சுண்ணாம்புக் கல்லினுள் நிற்கும் நீர். ஒரு மூலையில் கசிந்தது இன்னொரு மூலைக் கிணற்றில் தலைகாட்டும். சுன்னாகத்து மின்னிலையத்தின் எண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் நமது உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கை அத்தீர்ப்பினால் நமது மண்ணில் வேரூன்றியது. எனினும் தீர்ப்பு வந்தது கிணறு கெட்ட பின்னர் அன்றோ?

இனி நமது சொந்தச் சட்டம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இன்றும் ஆட்சியில் உள்ளது. காணியையும் எடுக்கலாம், காணிமீதுள்ள பாத்தியத்தை மாத்திரமும் எடுக்கலாம் என்று அதன் நான்காம் ஐந்தாம் பிரிவுகள் கூறுகின்றன. ஆகவே குழாய்க்குப் புதுச்சட்டம் வராவிடினும் வாசல் ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது. இரண்டாம் பிரிவின் அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அவ்விடத்திற் காட்சிக்கு வைக்கப்படவேண்டும். அது ஆராய்வதற்கான அறிவித்தல். நான்காம் பிரிவின் அறிவித்தலே எடுக்கும் எண்ணத்தைக் கூறுவது. ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாட்கள் தரப்படவேண்டும். எழுத்தில் ஆட்சேபித்தவனை நேரிற் கேட்கவும் வேண்டும். இந்தியன் 21 நாட்கள் பெறுகிறான். நமக்கு 14 நாட்களும் நிச்சயம், அதற்கு மேல் அரசாங்கத்தின் மனம். ஐந்தாம் பிரிவின் பிரகடனம் வந்துவிட்டால், காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு அதுவே முடிந்த சான்றாகும். பின் ஏழாம் பிரிவின்கீழ் உரித்துக் கோரிக்கை, ஒன்பதாம் பிரிவின்கீழ் விசாரணை, பதினேழாம் பிரிவின்கீழ் நட்டஈட்டுத் தீர்மானம். தீர்மானம் பிடிக்காதவன் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்குச் செல்லலாம். சட்டப் பிரச்சினையானால் அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம்.

இவ்வொழுங்கெல்லாம் ஒரு சொல்லால் உடைந்துவிடும். அச்சொல் ‘அவசரம்’. முப்பத்தெட்டாம் பிரிவின் காப்புரையின்படி, அவசரமென்று அமைச்சர் கருதினால், இரண்டாம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்ட பின் காணியைக் கைப்பற்றக் கட்டளையிடலாம். ஆட்சேபனை எங்கே, விசாரணை எங்கே என்று தேடவேண்டியதுதான். பல ஆண்டு திட்டமிட்டு இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பமிட்டு வரும் குழாய்க்குத் திடீரென்று என்ன அவசரம் பிறக்கும் என்று நீதிமன்றத்திலே கேட்கலாம், கேட்கவேண்டும்.

நமக்குத் துணைநிற்கும் தீர்ப்பொன்று உண்டு. மானெல் பெர்னாண்டோ வழக்கில், 2000ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையிற் காணலாம், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, பொதுத் தேவை என்று பொதுப்படச் சொன்னால் போதாது, எந்தத் தேவை என்று இரண்டாம் பிரிவு அறிவித்தலிலேயே கூறவேண்டும் என்று தீர்த்தார். குழாய் விடயத்தில் இதன் பயன் பெரிது. தேவை குழாய் என்று தெரிந்தால்தானே, ‘அயலிலே நெடுஞ்சாலை கிடக்கிறது, அரச நிலம் கிடக்கிறது, அவ்வழியே செல்லுங்கள்’ என்று கமக்காரன் மாற்றுப் பாதை காட்டமுடியும்? காரணம் கூறாத அறிவித்தல் வந்தால், அதுவே எழுத்தாணை மனுவுக்கு முதற் காரணம்.

வலிகாமம் வடக்கிலே 2013 ஏப்ரலில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு இச்சட்டத்தின்கீழேயே அறிவித்தல் ஒட்டப்பட்டதும், காணிக்காரர் திரளாக மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றதும் உங்களுக்குத் தெரிந்தவை. அங்கே எடுக்க வந்தது குழாய்ப் பாதையன்று, காணியே. ஆயினும் உரிமையாளர் பலர் ஊரில் இல்லாத வேளையில் மரத்திலும் மதிலிலும் ஒட்டிய அறிவித்தல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அன்று கண்டோம். மாகாண சபையை நம்பி இருப்பதும் உதவாது. அரச காணிமீதான அதிகாரம் மத்தியிடமே என்று 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. கொங்கு நாட்டார் மாநில அரசாங்கத்தை நம்பிக் கண்ட முடிவை இதனோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சொத்துரிமை கிடையாது என்பதையும் பலர் அறியார். இந்தியாவிலும் 1978ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டு, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் வேறொரு பிரிவாக நிற்கிறது. நமக்கு அதுவும் இல்லை. ஆகவே சமத்துவ உரிமையையும் எழுத்தாணையையும் கொண்டே வழக்காட வேண்டியிருக்கிறது.

காணிச் சட்டத்துக்கு வெளியே இன்னுமொரு வாசல் உண்டு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1993இல் வெளியிடப்பெற்ற பட்டியலில், நீர் தவிர்ந்த திரவத்தையோ வாயுவையோ கொண்டுசெல்லும், ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாய்த் திட்டமும் அடங்கும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டு அறிக்கை வெளிவந்ததும் பொதுமக்கள் கருத்துக்கூற 30 நாட்கள் உண்டு. காணி உடையவன்தான் எழுதவேண்டும் என்பதில்லை. கிணற்று நீர் குடிப்பவன் எவனும் எழுதலாம். இங்கே அமர்ந்திருக்கும் பொறியியலாளர், புவியியல் ஆசிரியர், வைத்தியர் ஆகியோரின் உதவி கமக்காரனுக்கு வேண்டியது இவ்விடத்திலேதான். வழக்கறிஞன் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி எழுதினால் நீதிபதி சிரிப்பார். நீங்கள் எழுதினால் வாசிப்பார்.

தனியே ஒரு குழாய்ச் சட்டம் வருமாயின் நாம் கேட்கவேண்டியவை எவை? பொதுப் பாதையும் அரச நிலமும் உள்ளவிடத்தில் விளைநிலத்தைத் தொடலாகாது என்பது தலையானது; வேறுவழி இல்லை என்பதை நிறுவும் பாரம் குழாய்க்காரனுக்கே உரியதாகவேண்டும். ஒருமுறை கொடுத்து மறந்துவிடும் பத்து வீதத்துக்குப் பதிலாக, குழாய் கிடக்கும் காலமெல்லாம் ஆண்டு வாடகை கேட்போம். குழாயில் எண்ணெய் ஓடும்வரை அவனுக்கு இலாபம் ஓடுகிறது அன்றோ? காணியின் பெரும்பாகம் அகப்பட்டால், முழுவதையும் விலைகொடுத்து எடு என்று கேட்கும் உரிமை உடையவனுக்கு வேண்டும். கிணறு இருந்தால் குழாய்க்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சட்டமே சொல்லவேண்டும். குழாய் கைவிடப்பட்டால் அதைத் தோண்டி எடுத்து நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் கடமையும் எழுதப்படவேண்டும். துருப்பிடித்த குழாயைப் பேரனுக்கு முதுசமாக விட்டுச்செல்ல நாம் ஆயத்தமில்லை. விருப்பமின்றி இடம்பெயர்வோருக்கான தேசியக் கொள்கையொன்றை அமைச்சரவை 2001இல் ஏற்றது. கொள்கை ஏட்டில் உள்ளது. அதைச் சட்டத்தின் உள்ளே கொண்டுவருதல் வேண்டும்.

இதுவரை அரசாங்கம் செய்யவேண்டியதைக் கூறினோம். நமது பக்கத்து வேலையும் உண்டு, அது கசப்பானது. நட்டஈடு காணிக்குத் தரப்படுவதன்று. காணியில் உரித்துடையவன் என்று எண்பித்தவனுக்குத் தரப்படுவது. நமது உறுதிகளோ தாத்தாவின் பெயரிலே நிற்கின்றன. பிரிக்கப்படாத பங்குகள் எட்டில் ஒன்று, இருபத்துநான்கில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. பங்காளரில் ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் எங்கேயென்று தெரியாது. தேடியதேட்டத்தில் மனைவிக்குள்ள உரித்தைக் கணவனே மறந்துவிடுகிறான். ஏழாம் பிரிவு அறிவித்தலுக்கும் விசாரணைக்கும் இடையே சட்டம் உறுதியாய்த் தருவது 21 நாட்களே. அதற்குள் மூன்று தலைமுறை உறுதி தேடமுடியுமா?

இன்னுமொன்று. விற்கும்போது உறுதியில் விலையைக் குறைத்தெழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. முத்திரைத் தீர்வையில் அன்று மிச்சம் பிடித்தது, நட்டஈட்டு விசாரணையில் அயற்காணிகளின் விற்பனை விலையாக எழுந்து எதிரே நிற்கும். மதிப்பீட்டாளர் அவ்வுறுதிகளையே எடுத்துக்காட்டுவார். மறுத்துப்பேச நமக்கு வாய் இராது.

அனுமதிப்பத்திரக் காணிக்காரர் நிலை இன்னும் நொய்யது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் பதியாதவர் பலர். போரிலே பத்திரமே தொலைந்தவர் பலர். பிரதேச செயலகத்தில் பிரதி பெறுவதும் பின்னுரித்தாளரைப் பதிவதும் குழாய் வந்தாலும் வராவிட்டாலும் செய்யவேண்டிய வேலைகளாகும்.

ஆதலால் இக்கூட்டத்தின் பின்னர் ஒவ்வொரு கிராமத்திலும் சட்டத்தொழிலாளர் ஒருவரும் ஆசிரியர் ஒருவருமாக அமர்ந்து காணிப் பதிவேடு ஒன்று எழுதத் தொடங்குவதென்று முடிவு செய்துள்ளோம். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், பங்காளர் பெயர்கள், கிணறு நிற்கும் இடம், நிற்கும் மரங்களின் தொகை, கடைசி மூன்று போகத்து விளைச்சல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டிலுள்ள பங்காளருக்கு இன்றே எழுதி, அற்றோணித் தத்துவம் ஒன்றை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பும்படி கேளுங்கள். அது வந்துசேரச் சில வாரம் செல்லும். கிராம அலுவலர் அறிவித்தற் பலகையை வாரந்தோறும் சென்று பார்க்க ஒவ்வொரு வட்டாரத்திலும் இருவரை நியமிக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் மண்டபத்தின் பின்புறமுள்ள மேசையில் இப்போதே கொடுக்கலாம். முதலாவது பதிவு வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு ஆரம்பமாகும்.